கொடியாள் இறங்கிய கிணறு

வெகு வெகு காலத்துக்கு முன்னே, மரம் பேச மலை தலையாட்டிய நாளிலே, வெண்பாறைச் சீமையிலே கொடியாள் என்று ஒருத்தி இருந்தாள். கிணறு வெட்டுவதில் சூரப்புலி! அண்ணன் சடையன் கீழே இறங்கித் தோண்டுவான். அவள் மேலே நின்று வடம் பிடிப்பாள். கீழே இருப்பவர் அடிக்கொருதரம் "இருக்கியா?" என்று குரல் கொடுப்பார், மேலே இருப்பவர் "இருக்கேன்!" என்று பதில் கொடுக்க வேண்டும். கிணறு வெட்டுகிறவர்களின் வழக்கம் அது.

ஒருநாள் மண் சரிந்தது. சடையன் போய்ச் சேர்ந்தான். கொடியாள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அண்ணன் நினைப்பு வந்தால் போதும், ஒரு கல்லைத் தூக்கி அந்தக் கிணற்றில் போட்டு, "கிட அங்கேயே!" என்பாள். பைத்தியக்காரி! உள்ளே ஒரு பூதம் பிறந்திருந்தது அவளுக்குத் தெரியாது. ஒரு கல்லைத் தின்றால் அது ஒரு முழம் வளரும். மூன்றே வருடத்தில் பனைமர உயரம் வளர்ந்து, சீமையின் ஊற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டது!

"நாளைக்குள் தண்ணீர் வராவிட்டால் நாட்டையே காலி செய்ய வேண்டியதுதான்" என்று ராஜா பறையறைவித்தார். அண்ணன் வெட்டிய கிணற்றிலாவது ஊற்று இருக்குமா என்று கொடியாள் ஓடினாள், எட்டிப் பார்த்தாள், வந்த வழியே திரும்பி ஓடினாள்.

"எங்க ஓடுறே, தாயி?"

பாறைமேல் ஒரு உடும்பு! பேசுகிற உடும்பு!

"உள்ள பூதம் இருக்கு. என்னால இறங்க முடியாது!"

"ஒரேயடியா ஏன் இறங்கணும்? மூணு தடவையா இறங்கு. தாங்கலேன்னா வடத்தை ஆட்டு, தூக்கிடறேன். என் பிடி தெரியும்ல?"

உடும்புப் பிடியைப் பற்றி யாருக்குச் சொல்ல வேண்டும்! வடத்தைக் கட்டிக்கொண்டு இறங்கினாள்.

முதல் தடவை மூன்றே முழம். "உடம்புல எங்க வலிக்குது?" என்று கேட்டது உடும்பு. "நெஞ்சுல. பாறையை வச்சு அழுத்தற மாதிரி." "மூச்சை இழுத்து மெதுவா விடு. போதும், மேல வா!"

இரண்டாம் தடவை பாதிக் கிணறு. "அன்னைக்கு நடந்ததைச் சொல்லு." "மண்ணு சரிஞ்சுச்சு. வடம் அறுந்துச்சு..." பூதம் உறுமியது. கொடியாள் வடத்தை ஆட்டினாள், உடும்பு தூக்கிவிட்டது. அடேயப்பா, பூதம் பாதியாகக் குறுகியிருந்தது!

மூன்றாம் தடவை அடிக்கிணறு. எதிரே பூதம், திறந்த வாய். "யாருக்கும் சொல்லாததைச் சொல்லு, தாயி!" என்று மேலிருந்து கத்தியது உடும்பு.

"அண்ணே!" என்று அலறினாள் கொடியாள். "மண்ணுக்குள்ளேருந்து 'இருக்கியா?'ன்னு கேட்டியே! எனக்குக் கேட்டுச்சு. பயத்துல வாயே வரல. பதில் சொல்லாமலே உன்னை அனுப்பிட்டேனே! இப்பச் சொல்றேன்... இருக்கேண்ணே! இருக்கேன்!"

மூன்று வருடத்து அழுகையும் பீறிட்டு வந்தது. பூதம் அவள் முகத்தையே பார்த்தது. உப்பாய்க் கரைந்தது. அது நின்ற இடத்திலிருந்து குபுகுபுவென்று ஊற்று கிளம்பி, கொடியாளை மேலே தூக்கிக்கொண்டே வந்தது!

ஊரே குடம் குடமாய் மொண்டது. ராஜா கொடியாளுக்குத் தங்கக் காப்புப் போட்டார். உடும்புக்கு அரண்மனையில் வேலை கொடுத்தார். அது வெயில் போதாது என்று மறுநாளே பாறைக்குத் திரும்பிவிட்டது.

கொடியாள் அண்ணனை மறந்தாளா? மறப்பாளா! நினைப்பு வந்தால் உட்கார்ந்து அழுவாள். அழுது முடித்து, முகம் கழுவி, வயிறாரச் சோறு தின்பாள். அவள் சீமையிலே மழை பெய்தது. நம் சீமையிலும் பெய்யட்டும்!