மழை என்று முத்திரையிட்ட தண்ணீர்

நிலாவில் தன் கொடியை நட்டுவிட வேண்டும் என்று அலைவாய்ப்பட்டினத்து ராஜா மாறவேளுக்கு ஆசை வந்தது. அப்படி ஆசைப்படக் கூடாது என்று எந்த நீதிநூலும் சொல்லாததால், காயற்கரையில் ஒரு வாணத்தளம் எழும்பியது. முதல் வாணம் கடலில் விழுந்தது. இரண்டாவது பக்கத்து நாட்டு ராஜாவின் மாட்டுக்கொட்டகையில் விழுந்தது. அதை வெற்றி என்று அறிவித்தார்கள். வெளிநாடு வரை போயிற்றல்லவா?

வாணம் என்றால் கல்யாண ஊர்வலத்தில் விடுவதல்ல. பனைமர உயரம். கிளம்பும்போது கக்கும் நெருப்பில் கல்தளமே வெடித்துவிடும். அதனால் மேலே பெரிய தொட்டி கட்டி, திரியைக் கொளுத்தியதும் மடை திறந்து தளத்தின்மேல் தண்ணீரைக் கொட்டுவார்கள். கந்தகமும் கரியும் கலந்து, அது கறுப்பாக வாய்க்காலில் ஓடிக் காயலில் விழும். மறுநாள் மீன்களெல்லாம் மல்லாந்து மிதக்கும்.

காயலில் வலை வீசிப் பிழைக்கும் நாச்சி, ஒரு கூடை செத்த மீனோடு சபைக்கு வந்தாள். சபை மூக்கைப் பொத்திக்கொண்டது.

"ராசா, இன்னொரு வாணம் விட்டா எங்க குப்பத்துல அடுப்பு எரியாது. சாயக்காரன் ஒரு குடம் சாயத்தண்ணி விடணும்னாக்கூட வரிசையில நின்னு ஓலை வாங்குறான். இவங்க வாங்கினாங்களா?"

"சட்டம் அப்படித்தான் அரசே" என்றார் பிறைசூடி. அவர் ஓலைநாயகம், அரசாங்கம் எழுதும் ஓலைகளுக்கெல்லாம் பொறுப்பானவர். "பயன்படுத்திய தண்ணீரைக் காயலில் விட அனுமதி ஓலை வேண்டும். மழைத்தண்ணீருக்கு மட்டும் வேண்டாம்."

வாணப்படைத் தலைவன் வச்சிரபாகு மீசையை நீவினான். "சங்கதி முடிந்தது! எங்கள் தண்ணீர் மேலேயிருந்து விழுகிறது. தரையில் ஓடுகிறது. காயலில் சேருகிறது. அதற்குப் பெயர் என்ன, ஓலைநாயகமே? மழை!"

ராஜா தொடையைத் தட்டினார். "மழையேதான்! எழுதும் பிறைசூடி. முடியாதென்றால் எழுத்தாணியை வைத்துவிட்டுப் போம்."

பிறைசூடி எழுதினார்: 'வாணத்தளத்துத் தண்ணீர் இன்றுமுதல் மழையே.' முத்திரையும் விழுந்தது.

வாசலில் நாச்சி அவரை மறித்தாள். "நல்லா இருக்கு சாமி உங்க நியாயம்! எழுதுறப்ப கை கூசலயா?"

"கூசியது அம்மா. அதனால்தான் கொட்டை எழுத்தில் எழுதினேன். இந்த வருஷம் இன்னும் ஒரு துளி மழை பெய்யவில்லை, கவனித்தாயா?"

நாச்சி முறைத்தாள். பிறகு அந்த நாட்டு வழக்கம் ஒன்று நினைவுக்கு வந்து, கூடை குலுங்கச் சிரித்தாள்.

பௌர்ணமியன்று காலையில் மூன்றாவது வாணம் தளத்தில் ஏறி நின்றது. தீப்பந்தமும் தயார். அப்போது குலவையும் மேளமுமாக ஊரே திரண்டு வந்தது. முன்னால் பிறைசூடி, கையில் வெண்பட்டு.

"இது எதற்கு?" என்றார் ராஜா.

"மறந்துவிட்டீர்களா அரசே? வருஷத்தின் முதல் மழைவெள்ளம் ஓடும்போது மன்னர் அதில் இறங்கித் தலைமுழுகி, மூன்று கை அள்ளிக் குடித்து, வெண்பட்டு உடுத்த வேண்டும். உங்கள் பாட்டனார் காலந்தொட்டுத் தவறியதில்லை. இதோ, நீங்களே முத்திரையிட்ட முதல் மழை. தொட்டியில் காத்திருக்கிறது."

ராஜா வாய்க்காலைப் பார்த்தார். போன தடவை ஓடிய கறுப்பு இன்னும் கரையில் காய்ந்து கிடந்தது. அதன்மேல் ஒரு தவளையும் காய்ந்து கிடந்தது.

"தள்ளிப்போட முடியாதா?"

"மழையைத் தள்ளிப்போடலாம் அரசே. குலவையிடுகிற ஜனங்களை என்ன செய்வது? ஆனால் ஒரு சலுகை உண்டு. மழை என்று முதலில் சொன்னவர் மன்னருக்கு முன்னால் இறங்க வேண்டும்."

ராஜாவுக்கு உயிர் வந்தது. "வச்சிரபாகு! நீதானே சொன்னாய்? இறங்கு. நீ குடித்ததைப் பார்த்துவிட்டு நான் குடிக்கிறேன்."

வச்சிரபாகுவின் மீசை தொங்கியது. "அரசே, நான் பிள்ளைகுட்டிக்காரன்! போன தடவை அதில் கால் வைத்த குதிரைக்குக் குளம்பே உரிந்துவிட்டது!"

"மழையிலயா?" என்றாள் நாச்சி.

"மழையாவது மண்ணாவது! கழிவுநீர்!" என்று அலறினான் அவன்.

மேளம் நின்றது. ராஜா கையை நீட்டி, பிறைசூடியிடமிருந்து முத்திரையிட்ட ஓலையை வாங்கி, தாமே இரண்டாகக் கிழித்தார்.

"கழிவுநீர் என்றால் அனுமதி ஓலை வேண்டும்" என்றார் பிறைசூடி. "தலைவர் சாயக்காரருக்குப் பின்னால் வரிசையில் நிற்கட்டும். முதலில் குளம் வெட்டி, தண்ணீரைத் தேக்கித் தெளிய வைக்கட்டும். அதில் நாச்சி மீன் விடுவாள். ஒரு மாதம் மீன் பிழைத்தால் ஓலை தருகிறேன்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கறைபடாமல் தப்பிய வெண்பட்டைப் பிறைசூடிக்கே போர்த்தினார். பிறகு வாணத்தை அண்ணாந்து பார்த்தார்; முகம் வாடியது.

"ஓலைநாயகமே, நிலாவுக்குப் போகவும் ஏதாவது ஓலை வேண்டுமா?"

"நிலாவுக்குப் போக ஒன்றும் வேண்டாம் அரசே. தண்ணீர் காயலுக்குப் போகத்தான் ஓலை வேண்டும்."