கைப்பிடி இருக்க வேண்டிய இடம்

"ஏனுங்க அம்மணி, நேத்து மாட்டுனதை இன்னைக்கு எதுக்குங்க கழட்டறீங்க?"

கேட்டவர் செங்கோட்டுவேலு. பாதி ஆயுசை லாரியிலேயே கழித்தவர். ஓட்டிய காலமெல்லாம் ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட ஏற்றியதில்லை. டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி, வலது கால் தொடையோடு போய்விட்டது.

கழற்றிக்கொண்டிருந்தவள் கோகிலவாணி. சங்ககிரி பைபாஸ் ஓரம் பட்டறை வைத்திருந்தாள். போலியோவில் இரண்டு காலும் சூம்பிப்போனவள். கால் ஒத்துழைக்காதவர்களுக்கு, கையாலேயே ஓட்டும்படி வண்டியை மாற்றித் தருவாள். ஓட்டவும் சொல்லித் தருவாள். செங்கோட்டுவேலுவுக்கு மகள் வயசுதான். ஆனாலும் வருகிறவர்களுக்கெல்லாம் அவள் வாத்தியாரம்மா.

வாயில் போல்ட்டைக் கவ்விக்கொண்டிருப்பவளிடம் யார் பதில் வாங்க முடியும்?

செங்கோட்டுவேலுவின் பழைய காரில், ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு இரும்புக் கைப்பிடி. தள்ளினால் பிரேக். இழுத்தால் ஆக்ஸிலேட்டர்.

மாட்டுவாள். அவரை உட்காரவைத்துத் தள்ளிப்பார்க்கச் சொல்வாள்.

"எப்படி இருக்குதுங்ணா?"

"பழகிக்கிறேனுங்க."

உடனே கழற்றிவிடுவாள். எத்தனை நாளாக இந்தக் கூத்து!

அவர் சொன்னதில் தப்பும் இல்லை. லாரிக்காரர்களுக்கு அது ஒரு கௌரவம். சீட்டு சரியில்லை, கிளட்ச் இறுக்கம் என்று மூக்கால் அழாமல் சாவியை வாங்கிக்கொள்பவன்தான் டிரைவர். முதலாளி எந்த வண்டியைக் கொடுத்தாலும் பழகிக்கொள்வான்.

கால் போன பிறகும் அவர் அப்படித்தான். ஊன்றுகோல் கக்கத்தை அறுத்தது. பழகிக்கிறேன் என்றார். வீட்டில் கட்டிலைக் காற்று வராத அறைக்கு மாற்றினார்கள். பழகிக்கிறேன் என்றார். விசேஷங்களுக்கு அவரை விட்டுவிட்டுப் போனார்கள். அதற்கும் அதேதான்.

ஒன்றே ஒன்றுதான் பழகவில்லை. பைபாஸில் லாரி போனால் பேச்சை நிறுத்திவிடுவார். சத்தத்தை வைத்தே லோடு வண்டியா, காலி வண்டியா என்று மனசு சொல்லும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தொப்பூர் கணவாயில் தன் கையால் ஓட்டிக்கொண்டு இறங்கவேண்டும். அந்த ஏக்கம் அவரைத் தின்றது.

அன்று பொறுமை போய்விட்டது.

"எனக்கு ஓட்ட வராதுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போடுங்க அம்மணி. நான் போயிக்கறேன்."

கோகிலவாணி போல்ட்டைத் துப்பினாள். கைப்பிடியைப் பழைய இடத்திலேயே மறுபடி மாட்டினாள்.

"ஏறுங்ணா."

அவளும் கைகளை ஊன்றிப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். கார் பட்டறை வளாகத்துக்குள் மெல்ல நகர்ந்தது. செங்கோட்டுவேலுவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"பிரேக்!" என்று கத்தினாள்.

அவர் தள்ளினார். தள்ள எட்டாமல் முதுகு சீட்டை விட்டு எழும்பியது. தோள் முன்னால் போயிற்று. அதற்குள் கார் போய் ஆயில் டிரம்மில் இடித்தது.

டிரம் உருண்டது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி இருக்குதுங்ணா?"

வழக்கமான சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"தூரமா இருக்குது," என்றார், தனக்கே கேட்காத குரலில்.

"என்னங்ணா?"

"தூரமா இருக்குதுங்க அம்மணி! மொதல் நாள்லருந்தே தூரந்தான்! தள்ளறப்பத் தோள்பட்டை கழண்டுபோற மாதிரி வலிக்குது. கட்டை கக்கத்தை அறுக்குது. படுத்தா மூச்சு முட்டுது. எல்லாருத்துகிட்டயும் பழகிக்கிறேன், பழகிக்கிறேன்னு சொல்லிட்டுத் திரியறேன். காலு போனது எனக்கு இன்னும் பழகவே இல்லீங்க..."

துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அத்தனை பெரிய உடம்பு குலுங்கியது.

கோகிலவாணி தேற்றவில்லை. அவர் அழுது முடிக்கட்டும் என்று இருந்தாள்.

பிறகு ஸ்பானரைக் கையில் எடுத்தாள்.

"கையை நீட்டுங்ணா. எது வரைக்கும் நோகாமப் போகுது?"