ஒன்று விடாமல் ஆறு மணி

திருநெல்வேலியில் ஒரு டேட்டா என்ட்ரி கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர்களைப் பராமரித்தவள் இசக்கியம்மாள். மேலாளர் சிதம்பரநாதன் அவளைக் கூப்பிட்டார்.

“நாளையிலிருந்து காலை ஆறு மணிக்கு எல்லா கம்ப்யூட்டரும் தானா ஆன் ஆகணும். ஆன் ஆனதும் வருகைப் பதிவு ஓடும். அப்போ சீட்ல இல்லாதவங்களுக்கு அரை நாள் லீவு.”

“முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தானே சார்.”

“அது என் பிரச்சினை இல்லை. சாயங்காலத்துக்குள்ள முடிக்கலேன்னா நீ நாளைக்கு வர வேண்டாம்.”

“ஆன் ஆகுற நேரத்தை ஒவ்வொரு கம்ப்யூட்டரா பயாஸ் செட்டிங்ல போய் மாத்த நேரம் பத்தாதே சார்.”

“ஒண்ணுல மாத்தி, அந்த செட்டிங்கை பென் டிரைவ்ல எடுத்து மத்ததுல ஏத்து. இந்தக் கட்டடத்துல ஒண்ணுகூட விடக்கூடாது.”

“விட மாட்டேன் சார்.”

சொன்னபடியே செய்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு மேலாளர் சாவகாசமாக வந்தார். அவர் அறையில் முதலாளி காத்திருந்தார். மேலாளரின் கம்ப்யூட்டர் திரையில், “சிதம்பரநாதன்: அரை நாள் லீவு” என்றிருந்தது.

இசக்கியம்மாளை வரவழைத்தார் மேலாளர். “என் கம்ப்யூட்டரை யார் தொடச் சொன்னது?”

“நீங்கதான் சார், ஒண்ணுகூட விடக்கூடாதுன்னீங்க. வேணும்னா இப்பவே மாத்திருதேன். ஆனா உங்களுக்கு எத்தனை மணியோ, அதேதான் எல்லாருக்கும் ஏத்துவேன்.”

முதலாளி மேலாளரைப் பார்த்தார். “சொல்லுங்க, எத்தனை மணி?”

சிதம்பரநாதன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “ஒன்பதரை.”