மூன்று பிரவுசரும் ஒரு முழங்காலும்

மலையடிவாரத்தில் இருந்த அந்தத் தவச்சாலையில் எதற்கும் அவசரம் கிடையாது. சாமான் அறையை ஒட்டி ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்தது, வருகிற கடிதங்களுக்குப் பதில் போட. அதற்குக்கூட அவசரம் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனிதர் இந்த வாரம் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்து விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் வெள்ளிங்கிரி. நூல்மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்தே தலை நரைத்தவர். மனைவி இறந்த பிறகு, ஜெர்மனியில் இருந்த மகள் சுகந்தியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இங்கே வந்து சேர்ந்தார். மகள் பேச்சை நிறுத்தி ஆறு வருஷமாயிற்று. போன மாதம்தான் மனசு இறங்கி வீடியோவில் கூப்பிட்டாள். அது பாதியில் அறுந்தது. இப்போது எழுதியிருக்கிறாள்: 'ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இன்னொரு தடவை கூப்பிடுகிறேன். இதுவும் சரிப்படாவிட்டால் விட்டுவிடலாம் அப்பா.'

பிரவுசர்தான் காலை வாரிவிட்டது என்று வெள்ளிங்கிரி முடிவு கட்டியிருந்தார். அதனால்தான் எது எத்தனை விநாடியில் திறக்கிறது என்று எண்ணிப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை குருவைத் தேடிப் போனார். குரு மரகதத்தம்மாள் பாகற்கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார். வயதில் வெள்ளிங்கிரிக்கு இளையவர். ஆனாலும் வெள்ளிங்கிரி அவரைக் கூப்பிடுவது அம்மா என்றுதான்.

"அம்மா, ஒரு சந்தேகமுங்க."

"கேளுங்க. இந்தக் கயித்தைப் பிடிச்சுட்டே கேளுங்க."

வெள்ளிங்கிரி கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "மூணு பிரவுசர் வெச்சிருக்கறனுங்க. ஒண்ணு கம்ப்யூட்டர் கூடவே வந்தது. இன்னொண்ணு சிட்டாப் பறக்குது. ஆனா நாலு பக்கம் சேர்ந்தாப்பல திறந்தா கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குது. மூணாவது கொஞ்சம் நிதானம், ஆனா பாதுகாப்பு. நம்ம பின்னாடியே வர்றவனையெல்லாம் வாசல்லயே நிறுத்திப்போடுமுங்க."

"பின்னாடி யாரு வர்றா?"

"விளம்பரக்காரனுங்க. அந்த வேகமானதுல ஒருநாள் செருப்பு விலை பார்த்தேன். அன்னையில இருந்து எந்தப் பக்கம் போனாலும் செருப்பு."

"இங்க வெறுங்காலோடதானே நடக்கறீங்க?"

"சும்மா பார்த்தேனுங்க."

குருவுக்கு ஆவல் வந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு, "காட்டுங்க, பார்ப்போம்" என்று முன்னால் நடந்தார்.

அறையில் பக்கத்துக்குப் பக்கம் நாற்காலி போட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். வெள்ளிங்கிரி ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். மூன்றாவது, கேமராவைத் தொடலாமா என்று கேட்டது. சரி என்றார். மூடித் திறந்தார். மறுபடியும் கேட்டது.

"இப்பத்தானே சொன்னீங்க?"

"ஒவ்வொரு தடவையும் கேக்குமுங்க. அதான் அதோட மரியாதை."

குரு சிரித்தார். "தினப்படிக்கு எது தோது?"

"கூடவே வந்ததுதானுங்க. எழுத்தைப் பெருசாக் காட்டுது. கண்ணாடி இல்லாமப் படிக்கலாம்."

"அப்ப அதையே வெச்சுக்கலாமே."

"அதுலதானேம்மா போன தடவை அறுந்துது."

குரு நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். "எப்படி அறுந்துது?"

"புள்ள முகம் நல்லாத் தெரிஞ்சுதுங்க. 'அப்பா'ன்னுச்சு. அவங்கம்மா போனதுக்கப்புறம், நானும் இல்லாம, ஒண்டியா இருந்ததைச் சொல்லுச்சு. கேட்டுட்டே இருந்தேன். திடீர்னு, 'அப்பா, படம் நின்னுபோச்சு, நான் பேசறது கேக்குதா?'ன்னுச்சு. ரெண்டு மூணு தடவை கேட்டுப் பார்த்துட்டு வெச்சுருச்சு."

"உங்க பக்கம் அவ படம் நின்னுச்சா?"

"இல்லீங்க. அதுக்குப் பின்னாடி ஜன்னல் திரை ஆடினதுகூடத் தெரிஞ்சுது."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரிதானுங்க. அழுகை முட்டிட்டு வந்துது. வாயைத் திறந்தா உடைஞ்சுருவேன். அதனால அதை ஆடாம அசையாமப் பார்த்துட்டே உக்காந்திருந்தேன். இமைகூடத் தட்டலை."

சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை தட்டியது. அதற்கு நியாயம் உண்டு. மில்லில் தூக்கத்தை விரட்டக் காலாட்டிப் பழகியவர் அவர். வந்த புதிதில் அவர் தியானத்துக்கு உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரின் பாயும் சேர்ந்து ஆடும். வேறு இடம் கேட்டுப் போனவர்கள் உண்டு. அந்தக் காலை அடக்க அவர் பட்ட பாடு தவச்சாலைக்கே தெரியும்.

"இப்ப நீங்கதான் சொல்லோணும். நாளைக்கு இந்த மூணுல எதுங்கம்மா?"

குரு பதில் சொல்லவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிங்கிரி காத்திருந்தார். யோசிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தார். வெளியே யாரோ விறகு பிளக்கிற சத்தம் கேட்டு நின்றது. குருவின் கண் அவர்மேலேயே இருந்தது. இமை தட்டவில்லை. மூச்சு வருகிறதா என்றும் தெரியவில்லை.

"அம்மா?"

அசைவில்லை.

"அம்மா, நான் கேட்டது கேட்டுதுங்களா?"

அசைவில்லை. கண்ணுக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். நாடி பார்க்க மணிக்கட்டைத் தொட்டார். ஆளைக் கூப்பிடலாம் என்று வாசலுக்குப் போய்விட்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் குரு.

வெள்ளிங்கிரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "பயந்தே போயிட்டேனுங்க. என்னமோ ஆயிப்போச்சுன்னு..."

"நான் கேட்டுட்டுத்தானே இருந்தேன்."

"புள்ளையும் இதையேதானுங்க கேட்டுச்சு" என்றார் வெள்ளிங்கிரி. மெல்ல வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் மூன்றாவது பிரவுசர் கேமராவைத் தொடலாமா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தபடியே இருந்தார்.

பிறகு, "நாளைக்கு என்ன பண்ணட்டுமுங்க?" என்றார்.

"சின்னப் புள்ளையில, உங்க காலாட்டத்துக்குச் சுகந்தி என்ன சொல்லும்?"

"வையுமுங்க." அவர் முகம் லேசாக மாறியது. "நான் ஷிப்டுக்குப் போறதுக்கு முன்னாடி, ஒரே மேசையில அது வீட்டுப்பாடம் எழுதும். என் முழங்காலை ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சுட்டு, 'ஆட்டாதப்பா, எழுத்துக் கோணுது'ங்கும்."

குரு எழுந்தார். பந்தல் பாதியில் நின்றிருந்தது.

"அந்தப் பழக்கத்தை விடத்தானேம்மா இத்தனை வருஷம் பாடுபட்டேன்?"

"எந்தப் பிரவுசர்ல வேணும்னாலும் பேசுங்க" என்றார் குரு. "நாளைக்கு எழுத்துக் கோணட்டும்."