கன்னியாஸ்திரீ மெத்தை

அந்தச் சத்தம் ஐம்பது வருஷமாகக் கொலோமாவின் காதில் இருந்தது.

வாடைக்காற்று கடலைத் தாண்டி வந்து தீவின் முனையில் ஏறும். முனை முழுக்க முள் மெத்தைகள், தரையோடு தரையாக உருண்ட முட்செடிகள். காற்று ஒவ்வொன்றுக்குள்ளும் புகுந்து வெளியே வரும். சல்லடையில் தவிடு சலிப்பது மாதிரி ஒரு சத்தம். விடாமல் கேட்கும். அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, பாதி பயத்தோடு, அவள் அதைக் கேட்டிருக்கிறாள்.

"நேற்று முனைக்குப் போனேன் சாமி," என்றாள். "காற்று அடித்தது. சத்தம் இல்லை."

ஒனோப்ரே மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"காற்று அடித்தும் சத்தம் இல்லையா?"

"இல்லை. கொன்றுவிட்டான்."

"யார்?"

"என் தம்பி."

அவர் ஒரு தோலைப் பிளந்து பயற்றைப் பாத்திரத்தில் போட்டார்.

"உட்காருங்கள் டீச்சர்."

"உட்கார வரவில்லை."

ஒனோப்ரே அவளைவிட இளையவர். ஒரு காலத்தில் தீவில் பஸ் ஓட்டினார். ஒருநாள் மலையடிவாரக் கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, சாவியைக் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு, மேலே இடிந்து கிடந்த சிற்றாலயத்துக்கு ஏறிப் போய்விட்டார். இறங்கவில்லை. முதலில் வேடிக்கை பார்க்க ஆள் வந்தது. பிறகு கேள்வியோடு வந்தது. கேள்வி கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் வேலைதான் கிடைத்தது. அந்தக் கல்லை நகர்த்து. இந்தக் குடத்தை நிரப்பு.

கொலோமா கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். அவர் பஸ்ஸில்தான் வேலைக்குப் போய் வந்தாள். இப்போது அவரிடம் மலையேறி வருகிறாள். அவள் சாமி என்பாள். அவர் டீச்சர் என்பார். இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது.

"எப்படிக் கொன்றான்?"

"பூ வைத்துக் கொன்றான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"முனையில் விடுதி கட்டினானே, அந்த விருந்தாளிகளுக்குக் காட்டக் கல்லும் முள்ளும் போதாதாம். ஆப்பிரிக்காவின் தென்கோடியிலிருந்து வந்த ஒரு கொடியை நட்டான். சதை சதையாக இலை. தட்டு அகலத்துக்குப் பூ. வெள்ளைக்காரிகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது படர்ந்தது. மெத்தைகள்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. உள்ளே எல்லாம் அழுகிக் கறுத்துக் கிடக்கிறது."

"முள் குத்தாதா அந்தக் கொடிக்கு?"

"அதற்கு என்ன வாயா, நாக்கா, குத்துவதற்கு?"

"எனக்குச் செடி தெரியாது டீச்சர். மொச்சை தெரியும்."

கொலோமா பல்லைக் கடித்தாள். பிறகு சொன்னாள், வகுப்பில் சொல்வதுபோல. முழங்கால் உயரம்கூட வராத செடி. மான்கொம்பு மாதிரிக் கிளைகிளையாக முள். பார்த்தால் பஞ்சணை. உட்கார்ந்தால் தெரியும். கன்னியாஸ்திரீ மெத்தை என்று பேர் வைத்தவன் ஏதோ மடத்தில் அடிவாங்கியவனாக இருக்க வேண்டும். உப்பைத் தின்னும், புயலைத் தின்னும். இந்தத் தீவுக் கூட்டத்தை விட்டால் பூமியில் வேறெங்கும் கிடையாது.

"முள் எதற்கு?"

"ஆட்டுக்கு."

"முனையில் ஆடு ஏது?"

"இப்போது இருக்கிற ஆடு இல்லை. மனிதர்கள் இங்கே வருவதற்கு முன்னால் ஒரு ஜாதி ஆடு இருந்தது. குள்ளமாக. கண் முன்பக்கம் பார்த்தபடி. அது தின்னும் என்றுதான் இது முள் வளர்த்தது என்பார்கள். அந்த ஆடு அழிந்து நாலாயிரம், ஐயாயிரம் வருஷம் ஆகிறது."

ஒனோப்ரேயின் கை நின்றது.

"இதற்கு யாரும் சொல்லவில்லையா?"

"எதை?"

"ஆடு செத்துப்போனதை."

அவர் சிரித்தார். கொலோமாவுக்கு முகம் சிவந்தது.

"சிரிக்காதீர்கள் சாமி. சிரிக்கிற விஷயம் இல்லை."

அவள் தோள்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கேனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். மூடியில் மண்டையோட்டுப் படம்.

"களைக்கொல்லி," என்றாள். "அந்தக் கொடியை வேர்வரை கருக்கும்."

"மெத்தையை?"

"மிச்சமே இல்லை. இருந்தால் ஒன்றோ இரண்டோ. அதுவும் போகட்டும். மழை வருவதற்குள் ஊற்றிவிட வேண்டும். அதைத்தான் கேட்க வந்தேன். ஊற்றட்டுமா?"

ஒனோப்ரே கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்தத் தீவில் ஆறு கிடையாது, ஊற்றும் அருமை. முனையில் இருப்பவன் மழையைத்தான் குடிக்க வேண்டும். மழை பாறைச் சரிவில் விழும், சரிவு தொட்டிக்குள் இறங்கும், தொட்டியிலிருந்து குடத்துக்கு வரும். அதனால் தொட்டிச் சரிவுக்கு என்று ஒரு நெறி. முதல் மழைக்கு முன்னால் அதைப் பெருக்குவார்கள். அதன்மேல் செருப்போடு நடக்க மாட்டார்கள். பகைவன் வீட்டுச் சரிவாக இருந்தாலும் எச்சில் துப்ப மாட்டார்கள்.

தம்பி பெர்னாத் கொடியை நட்டது அந்தச் சரிவின் விளிம்பில்.

இது ஒனோப்ரேவுக்குத் தெரியும். கொலோமாவுக்கும் தெரியும். அதனால்தான் மழைக்கு முன்னால் என்றாள்.

"நிலம் பிரித்தபோது நீங்கள் எதை எடுத்தீர்கள் டீச்சர்?"

"அதற்கும் இதற்கும் என்ன?"

"மொச்சை உரிக்கும்போது எதையாவது பேச வேண்டும்."

"மூத்தவர் முதலில் எடுப்பது வழக்கம். அத்தித்தோப்பை எடுத்தேன். கிணறு இருந்தது."

"தம்பிக்கு?"

"இளையவனுக்கு மிச்சம். முனை. விதைக்க முடியாது, மேய்க்க முடியாது. அந்தக் காலத்தில் கடலோரக் கல்லுக்கு யார் மதிப்புக் கொடுத்தார்கள்?"

"இன்றைக்கு?"

 கீழே, கடலோரத்தில், விடுதியின் வெள்ளைச் சுவர் வெயிலில் கண்ணைக் குத்தியது.

"செடிக்காகத்தான் கேட்கிறேன்," என்றாள் கடைசியில்.

"நான் வேறு எதற்காக என்று சொன்னேனா?"

அவர் பாத்திரத்தை மூடி வைத்தார். மடியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். கேனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வாருங்கள்."

"எங்கே?"

"ஊற்றத்தான். நானும் வருகிறேன்."

கொலோமா அசையாமல் நின்றாள். அவர் வேண்டாம் என்று சொல்வார், தான் வாதாடுவேன் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். அத்தனையும் வீண். அதற்கும் கோபம் வந்தது.

"நீங்கள் மலையை விட்டு இறங்குவதில்லையே."

"நான் பஸ்ஸை விட்டு இறங்க மாட்டேன் என்றும்தான் சொன்னார்கள்."

இருவரும் இறங்கினார்கள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

பெர்னாத் செருப்பைக் கழற்றிவிட்டுச் சரிவில் நின்று துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தான். வயிறு தள்ளிய, மூச்சு வாங்குகிற ஆள். கொடி படராமல் விட்டிருந்த பாறை பாதிதான் இருந்தது. அந்தப் பாதியைப் பளபளவென்று பெருக்கியிருந்தான்.

அக்காவைப் பார்த்ததும் துடைப்பத்தை ஊன்றி நின்றான்.

"வா அக்கா. படம் எடுக்க வந்தாயா?"

"உன் தொட்டியில் பாதித் தண்ணீர்கூட இருக்காது. பாறையை மூடினால் மழை எங்கே இறங்கும்? அறிவு வேண்டாமா?"

"அறிவெல்லாம் அத்தித்தோப்பில் இருக்கிறதே. கேட்டு வாங்கிக்கொள்கிறேன்." அவன் ஒனோப்ரேயைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டான். "சாமி. நீங்களா? பஸ் எங்கே?"

"நடந்து வந்தோம். தாகமாக இருக்கிறது. தண்ணீர் கொடுப்பீர்களா?"

பெர்னாத் தொட்டிக்குள் வாளியை இறக்கினான். கயிறு வெகு ஆழம் போயிற்று. மூன்று கோப்பையில் ஊற்றிக் கொண்டுவந்தான். ஒன்றைத் தானே குடித்தான். ஒனோப்ரே ஒன்றைக் குடித்தார். மூன்றாவது கொலோமாவின் முன்னால், சுவர்மேல் இருந்தது.

ஒனோப்ரே அதன் பக்கத்தில் கேனை வைத்தார்.

"குடியுங்கள் டீச்சர்."

"தாகமில்லை."

"மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறீர்கள்."

"வேண்டாம் என்றேனே."

"குடித்துவிட்டு ஊற்றுங்கள்," என்றார் அவர். "ஊற்றிவிட்டுக் குடிக்க முடியாது."

பெர்னாத் கேனைப் பார்த்தான். மூடியைப் பார்த்தான். சரிவைப் பார்த்தான். அந்தத் தீவில் பிறந்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"இதை எங்கே ஊற்ற வந்தாய் அக்கா?"

அவள் சரிவின் விளிம்பைப் பார்த்தாள்.

"வீட்டில் உன் தம்பி பெண்டாட்டி இருக்கிறாள். சமையல்காரன் இருக்கிறான். எந்த நாட்டுக்காரன் என்றே தெரியாத ஆட்கள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்."

"செடியைக் கொன்றவன் நீ."

"செடி." அவன் துடைப்பத்தைக் கீழே போட்டான். "அதன் பேர்கூட எனக்கு அப்புறம்தான் தெரியும். நான் ஏன் அந்தக் கொடியை நட்டேன் என்று ஒருநாளாவது கேட்டாயா?"

"வெள்ளைக்காரிகளுக்காக."

"வெள்ளைக்காரி வருவதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே நட்டேன். அப்போது விடுதி ஏது? நானும் ஒரு தகரக் கொட்டகையும்."

கொலோமா நினைத்துப் பார்த்தாள். அது சரிதான்.

"நிலம் பிரித்த அன்றைக்கு, பெர்னாத்துக்கு முனை என்று படித்தார்கள். பாதிரியார் சிரித்தார். மாமா சிரித்தார். பெர்னாத் கல்லை அறுவடை செய்து கல்லைச் சமைத்துச் சாப்பிடுவான் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு வலிக்கவில்லை. திரும்பி உன்னைப் பார்த்தேன்."

அவன் மூச்சு வாங்கிக்கொண்டான்.

"நீயும் சிரித்தாய்."

காற்று எழுந்தது. கொடியின் மேல் போயிற்று. ஒரு சத்தமும் இல்லை.

"கல் கண்ணில் படக்கூடாது என்று மூடினேன். அவ்வளவுதான். எது சீக்கிரம் மூடும் என்று கேட்டேன், அதைக் கொடுத்தார்கள், நட்டேன்."

"அதற்காக ஒரு ஜாதியையே அழிப்பாயா?" அவள் கையை நீட்டிக் கொடியைக் காட்டினாள். "நான் ஒருநாள் சிரித்ததற்கு?"

"நீ இன்றைக்கு எதற்கு வந்தாய்?"

ஒனோப்ரே அங்கே இருந்தது இருவருக்கும் மறந்துவிட்டது.

கொலோமா கோப்பையை எடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தாள். தண்ணீர் கன்னத்தில் வழிந்தது. கோப்பையைச் சுவர்மேல் ஓங்கி வைத்தாள். செருப்பைக் கழற்றி எறிந்தாள். சரிவில் இறங்கிக் கொடிக்குள் கைவிட்டுப் பிடுங்க ஆரம்பித்தாள்.

"என்ன செய்கிறாய்?"

"தெரியவில்லையா?"

"அது என் நிலம்."

"போலீஸைக் கூப்பிடு."

அவள் பிடுங்கினாள். சதை இலை உடைந்து கையெல்லாம் சாறு. இழுக்க இழுக்கக் கொடி வந்துகொண்டே இருந்தது. வாய் ஓயாமல் திட்டினாள். தம்பியை, அப்பாவை, பாதிரியாரை, ஆப்பிரிக்காவை, அத்தித்தோப்பை. மேல்மாடியில் விருந்தாளிகள் சன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

"அக்கா, மானம் போகிறது."

"போகட்டும்."

செங்குத்து விளிம்பில், கொடி பாதி மூடிய நிலையில், ஒரு மெத்தை இருந்தது. பாதி கறுப்பு. பாதி சாம்பல் பச்சை. கொலோமா அதைப் பார்த்துவிட்டாள். மண்டியிட்டு அதை நோக்கிப் போனாள். கீழே கடல்.

"அங்கே போகாதே. மண் நிற்காது."

அவள் கேட்கவில்லை. பெர்னாத் ஓடினான். ஓடுகிற உடம்பு அல்ல அது. போய் அவள் இடுப்புப் பட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாறையில் குதிகாலை ஊன்றி உட்கார்ந்தான்.

"பிடுங்குவதை நிறுத்து."

"மாட்டேன்."

"விட்டேன் என்றால் விழுவாய்."

"விடேன் பார்க்கலாம்."

"உனக்கு எப்போதும் திமிர்."

"உனக்கு மட்டும்?"

அவள் விளிம்புக்கு வெளியே உடம்பை நீட்டி முள்ளுக்கிடையில் கைவிட்டுக் கொடியை உருவினாள். முழங்கை வரை கிழிந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் ஓரடி முன்னால் போனாள். ஒவ்வொரு இழுப்புக்கும் அவன் ஓரடி பின்னால் இழுத்தான்.

"வலது பக்கம் ஒரு வேர் இருக்கிறது," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "அதை விட்டால் மறுபடி வரும்."

"எனக்குத் தெரியும். நான் டீச்சர்."

"தெரிந்தால் பிடுங்கு. எவ்வளவு நேரம் உன்னைச் சுமப்பது?"

முதல் துளிகள் விழுந்தன.

ஒனோப்ரே களைக்கொல்லிக் கேனை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மலைப்பக்கம் நடந்தார். சரிவை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்.

அன்று பிரியும்போது அக்காவும் தம்பியும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை அவள் மண்வெட்டியோடு வந்தாள். அவன் கதவைத் திறந்து பார்த்தான், சாத்திக்கொண்டான், கொஞ்ச நேரம் கழித்துக் கையுறை ஒன்றைச் சன்னல் வழியாக வீசினான்.

பெர்னாத் அடுத்து வந்த பிப்ரவரியில் மாரடைப்பில் இறந்தான். மறுநாளும் கொலோமா அந்தக் கையுறையை மாட்டிக்கொண்டு மண்வெட்டியோடு முனைக்கு வந்தாள்.