மதிலுக்கு அப்பால் கொதித்த பாயசம்

முன்னொரு காலத்தில் நீலவேலி என்ற நாட்டைக் கொற்றமாறன் என்ற மன்னன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் பிடித்தது அவனுக்கு மாலையில் கசந்துவிடும். ஒரு நாள் பக்கத்து நாட்டுத் தூதன், தங்கள் தலைநகரைச் சுற்றிவந்தால் குதிரைக்கே மூச்சு வாங்கும் என்று பீற்றிக்கொண்டு போனான். அவ்வளவுதான், தன் நகரமும் பெரிதாக வேண்டும் என்று மன்னன் அடம்பிடிக்க ஆரம்பித்துவிட்டான்.

நகர வேலைகளுக்குத் தலைவரான மழவதரையருக்கு, சுருக்கமாகத் தரையருக்கு, அது கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி. வயல்களைத் தூர்த்து மேற்கே ஒரு புதுநகரம் கட்டினார். ஒவ்வொரு தெருவும் தேர் போகும் அகலம். உள்ளே போக ஒரே வாய், மறுமுனையில் உயரமான மதில். அடுத்த தெருக்காரன் கால் தங்கள் தெருவில் படாது என்பதுதான் அங்கே குடியிருந்தவர்களுக்குப் பெரிய கௌரவம்.

அதோடு விட்டாரா? பழைய ஊரையும் இடித்து இப்படியே கட்டலாம் என்று மன்னன் காதில் ஓதினார். பழைய ஊரில்தான் அமைச்சர் சாத்தன் நம்பியின் வீடும் இருந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அவரைக் கண்டாலே தரையருக்கு வயிறு எரியும். மன்னனும் சரியென்று தலையாட்டிவிட்டான்.

பழைய ஊர்க்காரர்கள் அமைச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். செக்கு வைத்திருந்த மாடாயி, "புதுசா வீடு தருவாங்களாம் சாமி. வீட்ட வச்சு என்ன பண்றது? எண்ணெய் வாங்க ஆளுங்க எந்த வழியா வருவாங்க?" என்று அழுதாள். நம்பிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் அரசவையில் அவர் ஆணையை நிறுத்தும்படி வேண்டினார். தரையர் சிரித்தார். "இரண்டு குடை எதிரெதிரே வந்தால் ஒன்றை மடக்க வேண்டும். அதுவும் ஒரு தெருவா, நம்பியாரே?"

"மடக்கிக்கொண்டே நலம் விசாரிப்பார்கள், தரையரே. உங்கள் தெருவில் எதிரே வர ஆளே இல்லையே."

அவை குலுங்கியது. மன்னனும் சிரித்துவிட்டு, உடனே முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டான். "நம்பி, தெருவின் அகலத்தைக் கோலால் அளக்கலாம். ஒரு தெரு இன்னொன்றோடு எப்படிச் சேர்கிறது என்பதை எதைக்கொண்டு அளப்பீர்?"

"பாயசத்தைக்கொண்டு, அரசே."

விஷயம் இதுதான். மன்னன் ஒரு வீட்டில் உட்கார வேண்டும். அந்த வீட்டுக்கு நேர் பின்வீட்டில் பாயசம் கொதிக்கும். அதைச் சுவர் ஏறாமல், தெரு வழியாகவே கொண்டுவர வேண்டும். பழைய ஊரில் ஒரு முறை, புதுநகரத்தில் ஒரு முறை. புதுநகரத்திலும் சூடு ஆறாமல் வந்துவிட்டால் நம்பி தோற்றார், பதவியும் போகும், ஊரும் இடிபடும். தரையருக்கு ஒரே குஷி. புதுநகரத்துப் பாயசம் தன் வீட்டு அடுப்பில்தான் கொதிக்கும் என்றும், தானே சுமந்து வருவதாகவும் மார்தட்டினார்.

முதலில் பழைய ஊர். மன்னன் ஒரு நெசவாளி வீட்டில் உட்கார்ந்தான். பின்வீட்டு மாடாயி பாயசத்தை இறக்கினாள், பக்கத்துச் சந்தில் நுழைந்தாள், திரும்பினாள், வந்துவிட்டாள். மன்னன் அவசரப்பட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

அடுத்து புதுநகரம். தரையர் மாளிகையின் பின்மதிலை ஒட்டிய வீட்டுக்கு மன்னனை நம்பி அழைத்துப் போனார். கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் வரவேற்றாள். மதிலுக்கு அந்தப் பக்கம் கரண்டி உரசும் சத்தம் கேட்டது. நெய்யில் முந்திரி வறுபடும் வாசனை வந்தது. "இதோ கிளம்பிட்டேன்" என்று தரையர் குரலும் கேட்டது. மன்னன் சம்மணம் போட்டுச் சப்புக்கொட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

உட்கார்ந்தான், உட்கார்ந்துகொண்டே இருந்தான். அங்கே தரையர் தன் தெருவின் வாய்வரை போய், பெருவீதியில் நடந்து, அடுத்த தெருவுக்குள் நுழைய வேண்டும். எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இருந்ததால் தவறான தெருவில் நுழைந்து மதிலில் முட்டிக்கொண்டார். திரும்பி வந்து இன்னொன்றில் நுழைந்தார், அதுவும் தவறு. ஒருவழியாக வந்து சேர்ந்தபோது தலைப்பாகை காதில் தொங்கியது. மன்னன் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தான். பாயசம் விழவில்லை, அப்படி இறுகிப் போயிருந்தது.

நம்பி மெதுவாகச் சொன்னார்: "காக்கை பறக்கும் தூரமும் மனிதன் நடக்கும் தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அது ஊர், அரசே. காக்கைக்குப் பக்கமாகவும் மனிதனுக்குத் தொலைவாகவும் இருந்தால், நம் நகரம் வளரவில்லை, சிதறிப்போயிருக்கிறது."

தரையர் விடவில்லை. இந்தத் தெரு தனக்குப் பழக்கமில்லை, அதனால்தான் தாமதம் என்றார்.

"அதத்தானேப்பா நானும் சொல்றேன்" என்றாள் அந்தப் பெண்.

அவள் தரையரின் மகள் செங்கமலம். மதிலுக்குப் பின்னால்தானே, கூப்பிடு தூரம் என்று சொல்லித்தான் அவளை அங்கே கட்டிக்கொடுத்திருந்தார். பெயர் வைக்க வந்தவர், பிறகு பேத்தியைப் பார்க்க வரவேயில்லை. முழங்கால் வலிக்காரியான அவள் அம்மாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. "அம்மா சமைக்கிற வாசனை தினமும் வருதுப்பா. அம்மாதான் வர முடியல" என்றாள். தரையர் தலையைக் குனிந்துகொண்டார்.

மன்னன் இடிக்கும் ஆணையை அங்கேயே ரத்து செய்தான். தெருக்களைப் பிரிக்கும் ஒவ்வொரு மதிலிலும் வழி திறக்க வேண்டும், முதலில் இந்த மதிலைத் தரையரே தன் கையால் உடைக்க வேண்டும் என்றான். நம்பியைப் பார்த்து, "பெருமைக்கு ஆசைப்பட்டு என் குடிகளைத் தெருவில் நிறுத்தப் பார்த்தேன். தடுத்தீரே, நன்றி" என்று தன் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டான். செய்தி கேட்ட மாடாயி ஓடிவந்து அமைச்சரைக் கும்பிட்டாள்.

தரையர் கடப்பாரையை எடுத்தார். மதில் ஆள் நுழையும் அளவு உடைந்ததும் அந்தப் பக்கம் அவர் மனைவி நின்றிருந்தாள். காலைத் தாங்கித் தாங்கி உள்ளே வந்து மகளைக் கட்டிக்கொண்டாள். செங்கமலம் குழந்தையை அப்பாவின் கையில் கொடுத்தாள்.

உடம்பெல்லாம் செங்கல் தூசியோடு தரையர் நம்பியின் முன் வந்து நின்றார். கும்பிடக் கை ஒழியவில்லை, கையில் பேத்தி இருந்தாள்.

"நம்பியாரே, உங்களை ஊரைவிட்டே துரத்தப் பார்த்தேன். நீங்கள் என் மகளை என் வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டீர்கள்" என்றார்.