குறுக்கீடு

“நேத்து பதினோரு நிமிஷம் பேசினேம்மா. ஒருத்தன் காதுல விழல,” என்றார் அணஞ்சபெருமாள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

செல்லக்கனி ஜன்னலோரம் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சட்டமன்ற உறுப்பினர் விடுதியில் தன் சாப்பாட்டைத் தானே சமைக்கிறவர் அவர் ஒருவர்தான்.

“கழற்றிட்டு வாங்க அண்ணாச்சி.”

கழற்றிவிட்டு வந்தார்.

அணஞ்சபெருமாளுக்கு ஐம்பத்தேழு வயது. முப்பது வருடம் ஜில்லா கோர்ட்டில் கிரிமினல் வக்கீல். அவர் குரல் உயர்ந்தால் எதிர்த்தரப்புச் சாட்சிக்கு நாக்கு உலரும் என்பார்கள். ஆறு மாதம் முன்புதான் முதல்முறையாக ஜெயித்து வந்திருந்தார். செல்லக்கனியும் வக்கீலாக இருந்தவர்தான். அவரைவிட ஒன்பது வயது இளையவர். ஆனால் அவைக்கு இது மூன்றாவது முறை. இருவரும் ஒரே கட்சி, எதிர்க்கட்சி வரிசை.

“நாளைக்கு நீர்நிலை மசோதா விவாதத்துக்கு வருது. ஏழே நாள் நோட்டீஸ் குடுத்துட்டு, ஏரிக்கரை வீட்டையெல்லாம் இடிக்கலாமாம். என் தொகுதியில கீழக்கரைத் தெருவுல மட்டும் இருநூத்திப் பதினாலு குடும்பம். வக்கீல் ஐயா பாத்துக்குவாருன்னு நம்பி உக்காந்திருக்கு.”

“ம்.”

“எனக்குப் பேசச் சொல்லிக் குடுங்க.”

“பேசத் தெரியாமலா முப்பது வருஷம் ஓட்டினீங்க?”

“அங்க கேக்குறதுக்கு ஒரு ஜட்ஜ் இருந்தார். இங்க எல்லாரும் முடிவு பண்ணிட்டுத்தான் வந்து உக்கார்றாங்க.”

“பரவாயில்லையே, ஆறு மாசத்துல கண்டுபிடிச்சிட்டீங்க. எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.”

“கிண்டல் பண்ணாதீங்க. நீங்க எழுந்தா மட்டும் மந்திரிங்க ஃபைலைத் தேடுறாங்க. ஆளுங்கட்சிக்காரன்கூட போனை உள்ள வைக்கிறான். சத்தமே போடாம எப்படிம்மா?”

செல்லக்கனி ஒரு வெண்டைக்காயின் காம்பைக் கிள்ளினார்.

“நேத்துப் பேசினதோட பிரதி வந்துதா?”

அவையில் யார் பேசினாலும் அது தட்டச்சாகி, பிழை பார்த்துத் திருப்பித் தரச் சொல்லி, மறுநாளே அவரவர் அறைக்கு வந்துவிடும்.

“வந்திருக்கும். நான் பேசினதை நானே எதுக்குப் படிக்கணும்?”

“எடுத்துட்டு வாங்க.”

இரண்டு மாடி இறங்கி, இரண்டு மாடி ஏறி, ஒட்டிய உறையோடு கொண்டுவந்தார். மூச்சு வாங்கியது.

“படிங்க. சத்தமா.”

உறையைக் கிழித்தார். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

“திரு. அணஞ்சபெருமாள்: மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, நீர்நிலை என்ற பெயரிலே… குறுக்கீடு.”

“மேல.”

“பேரவைத் தலைவர்: உறுப்பினருக்குத் தந்த இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது, அமருங்கள். குறுக்கீடு. மேசையைத் தட்டும் ஒலி. குறுக்கீடு.”

“மேல.”

“வெளிநடப்பு.”

காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

“மந்திரியைப் பாத்து ஏழு கேள்வி கேட்டனே! அதெல்லாம் எங்க?”

“மந்திரி பதில் சொன்னாரா?”

“சொல்றதுக்குள்ள நாம வெளிநடப்பு பண்ணிட்டோமே.”

“நீங்க பண்ணீங்க.”

அதுவும் உண்மைதான். செல்லக்கனி இந்தப் பத்து வருடங்களில் ஒருமுறைகூட வெளிநடப்புச் செய்ததில்லை. கட்சி இரண்டு தடவை விளக்கம் கேட்டது. ‘என்னை அங்கே போய் உட்காரத்தான் அனுப்பினார்கள்’ என்று இரண்டு தடவையும் அதே ஒரு வரியை எழுதிக் கொடுத்தார். கொறடா அவர் இருக்கையைக் கடைசி வரிசைக்கு மாற்றிவிட்டு, கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

அணஞ்சபெருமாளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

“உங்களுக்கென்ன. ஏரியைக் காப்பாத்தணும்னு மேடைக்கு மேடை பேசுறவங்க. இந்த மசோதாவையே நீங்க ஆதரிக்கத்தான் போறீங்க.”

“ஆமா.”

சொல்லிவிட்டு அரிவாள்மனையை மடக்கித் தள்ளி வைத்தார்.

“எங்க ஊர் ஏரி வழக்கு நான் போட்டது. ஒன்பது வருஷம் நடந்துது. ஜெயிச்சேன். ஊரே மாலை போட்டுது. மறுவாரம் முப்பத்தெட்டு வீட்டை இடிக்க வந்தாங்க. ‘மாற்று இடம் குடுத்துட்டு இடிங்க’ன்னு குறுக்க போய் நின்னேன். தாசில்தார் நல்ல மனுஷன். தீர்ப்பை என் கையிலயே குடுத்து, ‘அப்படி எங்கம்மா இருக்கு, காட்டுங்க, நிறுத்திடுறேன்’ன்னார்.”

“ஏன் இல்ல?”

“நீங்களும் வக்கீல்தானே அண்ணாச்சி. மனுவுல கேக்காததைக் கோர்ட்டு குடுக்குமா?”

அணஞ்சபெருமாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒன்பது வருஷம் என்னென்னமோ வாதாடினேன். அதைக் கேக்கத் தோணல. அந்த வருஷம்தான் கறுப்புக் கோட்டைக் கழற்றிட்டு எலெக்ஷனுக்கு நின்னேன். ஏரியும் வேணும், அந்த ஜனங்களுக்கு வீடும் வேணும். எந்த மேடையிலயும் ரெண்டையும் சேத்துத்தான் சொல்றேன். கைதட்டுறவங்க பாதியிலயே தட்டிடுறாங்க.”

வெளியே யாரோ லிஃப்ட் கதவைப் பலமுறை சாத்தினார்கள்.

“நாளைக்கு எத்தனை பக்கம் வச்சிருக்கீங்க?”

“பதினாலு.”

காய் சுற்றி வந்த செய்தித்தாளின் வெள்ளை ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து நீட்டினார்.

“இதுல அடங்கட்டும்.”

“இதுலயா? என் பேரை எழுதவே இடம் பத்தாதே!”

“உங்க பேரைத்தான் அவங்களே போட்டுடுறாங்களே.”

மறுநாள் பேரவைத் தலைவர் அவருக்கு ஆறு நிமிடம் கொடுத்தார்.

அணஞ்சபெருமாள் எழுந்தார். அவர் எழுந்ததுமே அவர் கட்சியின் பின் வரிசைகளில் கோஷம் தொடங்கிவிட்டது. “விடாதீங்க அண்ணாச்சி, கிழிங்க!” என்றது ஒரு குரல். சட்டைப் பைக்குள் பதினாலு பக்கமும் இருந்தன. பழக்கத்தில் குரல் தொண்டைவரை ஏறிவிட்டது.

அப்போதுதான் பார்த்தார். பேரவைத் தலைவரின் ஆசனத்துக்குக் கீழே, ஒரு சின்ன மேசை. அதில் அவைப் பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுக்கிற, கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், குறிப்பேடு, பென்சில். ஆறு மாதமாக அங்கேதான் இருந்திருக்கிறார். யார் முகத்தையும் அந்த அம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கோஷம் உயர்ந்தது. பென்சில் ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டு நின்றது.

என்ன சொல் என்று அவருக்குத் தெரிந்தது.

தொண்டைக்கு வந்ததை விழுங்கினார். சத்தம் தணியும்வரை காத்திருந்தார். பிறகு, வாக்குமூலம் எழுதவைக்கிற நிதானத்தில் சொன்னார்.

“மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே. ஒரே கேள்வி. மாற்று இடம் கொடுக்காமல் ஒரு வீட்டையாவது அரசு இடிக்குமா, இடிக்காதா?”

அமைச்சர் எழுந்தார். “உறுப்பினர் கவலைப்பட வேண்டாம். இது ஏழைகளின் அரசு.”

மேசைகள் அதிர்ந்தன.

“எனக்குக் கவலை இல்லை. இடிக்குமா, இடிக்காதா?”

அதற்குள் கட்சித் தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் அணஞ்சபெருமாளின் முழங்கையைப் பிடித்தார்.

“வாங்க அண்ணாச்சி, டி.வி.க்காரங்க வெளிய நிக்கிறாங்க.”

“நீங்க போங்க தம்பி.”

“தலைவர் திரும்பிப் பாக்குறாரு.”

“பாக்கட்டும்.”

அவர்கள் போவதற்கு ஒடுங்கி நின்று வழி விட்டார்.

கோஷம் வாசலைத் தாண்டிப் போனது. எதிர்ப்பக்கம் காலியானதைப் பார்த்து அமைச்சர் புன்னகையோடு உட்காரப் போனார். உட்காரவில்லை. காலி வரிசைகளுக்கு நடுவில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். கடைசி வரிசையில் செல்லக்கனி மசோதாவின் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

அவை இவ்வளவு அமைதியாகி வெகுநாள் ஆயிற்று. மின்விசிறி சுற்றுவது கேட்டது.

அவையில் அமைச்சர் தந்து குறிப்பில் ஏறிவிட்ட வாக்கைப் பின்தொடர்ந்து, நிறைவேற்றினாயா என்று கேட்பதற்கே தனியாக ஒரு குழு உண்டு. அமைச்சருக்கு அது தெரியும். அதிகாரிகள் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒரு சீட்டு வந்தது. படித்தார். இன்னொரு முறை படித்தார்.

“மாற்று இடமும் பட்டாவும் கொடுக்காமல் ஒரு வீட்டையும் இந்த அரசு அகற்றாது.”

“நன்றி,” என்றார் அணஞ்சபெருமாள்.

பேரவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.

கீழே பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. அது நிமிரும்வரை நின்றிருந்துவிட்டு, அணஞ்சபெருமாள் உட்கார்ந்தார்.